நாலுக்கு அப்புறம் மறுபடியும் ஒண்ணு

ஐப்பசி அடைமழை. இரவு பதினொன்றரை இருக்கும். வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. நானோ தாம்பரம் தாண்டி ஒரு கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துச் செய்யும்படி வாட்ச்மேன் அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"நாலு வரைக்கும் பண்ணிட்டேன் மேடம்."

"சரிண்ணா, இப்போ அஞ்சாவது. அதுதான் முக்கியம்."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அஞ்சாவதுன்னு ஒண்ணு இல்லியே மேடம். நாலுக்கு அப்புறம் மறுபடியும் ஒண்ணுதான் போட்டிருக்கு. ஒண்ணாவதுன்னா லிஃப்டை ஏத்துறது, அதை அப்பவே ஏத்திட்டேனே."

ஐந்தாவது படி, தரைத்தள மெயினை அணைப்பது. அதை வாயாலேயே சொல்லி, அவரும் அணைத்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மீட்டர் பெட்டிகளை எல்லாம் உயரத்துக்கு மாற்றியிருந்ததால் பதறவேண்டிய நிலைமை இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தாளை அச்செடுத்து லேமினேட் செய்து ஒட்டியது நான்தான்.

மறுநாள் வந்து மூலத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் மழைக்காலக் கையேடு ஒரு பழைய கணினியில், விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளான மீடியாவிக்கியில் இருந்தது. மூன்றாம் மாடி சார், ஓய்வு பெற்ற பொறியாளர், 2015 டிசம்பருக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது. அவர் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு அது என் தலையில் விழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனதும் சில படிகளைத் திருத்தினேன். திருத்தும்போது எழுத்தெல்லாம் நெருக்கமாகத் தெரிகிறதே, கண்ணுக்குக் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு இடத்தில் என்டர் தட்டியிருக்கிறேன். இப்படி (# என்பது எண் போட்ட படி, #* அதற்குள் ஒரு புள்ளி):

# சம்ப் மோட்டாரை அணைக்கவும்
#* ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தான்
#* பேனலில் எம்சிபி கீழே

# தரைத்தள மெயினை அணைக்கவும்

அந்த ஒரு காலி வரிதான். மீடியாவிக்கியில் பட்டியலுக்கு நடுவே காலி வரி வந்தால் பட்டியல் அங்கேயே முடிந்தது என்று அர்த்தம். அடுத்த # புதிய பட்டியலின் முதல் உருப்படி. ஆகவே ஐந்து ஒன்றாகிவிட்டது. மூன்றாம் மாடி சார் எழுதிய பக்கங்களில் ஒரு இடத்தில்கூடப் பட்டியலுக்குள் காலி வரி கிடையாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் எனக்குச் சோறு போடுவதே ஆவணம் எழுதும் வேலைதான். ஆனால் அங்கே நாங்கள் பயன்படுத்துவது ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி. அதில் காலி வரி போடாவிட்டால்தான் வம்பு. கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

அன்றைக்கே அந்த வரியை அழித்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கணினியே இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. கையேட்டை மார்க்டவுனுக்கு (சாதா எழுத்திலேயே சில குறிகள் போட்டு எழுதும் முறை) மாற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அங்கிருந்து வேர்டுக்கும் பிடிஎஃப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை காபியோடு ஆரம்பித்தேன். மூன்று சனிக்கிழமை ஆனது.

முதல் முயற்சி அவசரக்குடுக்கைத்தனம். # என்பதை எண்ணாகவும், #* என்பதை மூன்று இடைவெளியும் கோடுமாகவும் மாற்ற ஒரு தேடு-மாற்று எழுதினேன். பட்டியலுக்குள் இருக்கும் காலி வரிகளை எல்லாம் தூக்கிவிடு என்று இன்னொன்று. இரண்டாவது, பட்டியலுக்கும் அதை அடுத்து வரும் பத்திக்கும் நடுவில் இருந்த காலி வரியையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. மார்க்டவுனில் அப்படி ஒட்டிவரும் பத்தி, கடைசி உருப்படியின் தொடர்ச்சியாக உள்ளே போய்விடும். "ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கவும் மேலே சொன்ன எதையும் ஈரக்கையோடு செய்யக்கூடாது" என்று ஒரே வாக்கியமாக ஒரு உருப்படி வந்தது. எச்சரிக்கை எச்சரிக்கையாகவே இல்லை. வெறும் எழுத்தைப் பார்த்து எந்தக் காலி வரி பட்டியலைச் சேர்ந்தது, எது வெளியே உள்ளது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல முழுப் பக்கத்தையும் அந்தந்த இலக்கணப்படி படிக்கவேண்டும். படிக்கும் வேலையைப் படிக்கத் தெரிந்த கருவியிடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்து, ஒரு ஆவண வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் பாண்டாக்கை எடுத்தேன்.

பாண்டாக் எந்த வடிவத்தை வாங்கினாலும் முதலில் அதை ஒரு மரமாக மாற்றிக்கொள்கிறது. தலைப்பு, பத்தி, பட்டியல், பட்டியலுக்குள் உருப்படி, உருப்படிக்குள் மறுபடி பட்டியல். அந்த மரத்தில் காலி வரி என்ற ஒன்றே கிடையாது. காலி வரி என்ன வேலை செய்ததோ, அந்த விளைவு மட்டும்தான் இருக்கும். வெளியே எழுதும்போது அந்தந்த வடிவத்துக்கு எங்கே காலி வரி தேவையோ அங்கே தானாகப் போட்டுக்கொள்ளும். நேட்டிவ் என்ற வடிவத்தில் எழுதச் சொன்னால் மரத்தை அப்படியே கண்ணால் பார்க்கலாம். இந்த வேலையில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான்.

விக்கிப் பக்கங்களை மார்க்டவுனாக மாற்றியதும் ஒரு விசித்திரம். சில இடங்களில், இரண்டு பட்டியல்களுக்கு நடுவே இப்படி ஒரு வரி:

<!-- -->

முதலில் குப்பை என்று நினைத்து அழிக்கப் போனேன். நல்லவேளை, அழிக்கவில்லை. மார்க்டவுனில் காலி வரி பட்டியலை முடிக்காது. அடுத்தடுத்து ஒரே மாதிரி இரண்டு பட்டியல் வந்தால் அவை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மரத்தில் அவை இரண்டு தனிப் பட்டியல்களாக இருப்பதால், ஒட்டாமல் இருக்க பாண்டாக் நடுவே ஒரு காலிக் குறிப்பைச் செருகுகிறது. அப்படியென்றால் அந்த வரி இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் விக்கியில் பட்டியல் அறுந்திருக்கிறது! தேடிப் பார்த்தேன், பன்னிரண்டு இடம். ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காற்றோட்டம் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

பன்னிரண்டில் ஒன்பது என் கைவண்ணம். மூன்று, உண்மையிலேயே தனித்தனிப் பட்டியல்கள்: சம்ப் கழுவும் படிகள் முடிந்ததும் நடுவில் தலைப்பு இல்லாமல் மேல்தொட்டி கழுவும் படிகள் தொடங்கும். இதை எந்த நிரலும் கண்டுபிடிக்காது. வாசித்துப் பார்த்து அந்த மூன்றுக்கும் நடுவே ஒரு தலைப்பு வைத்தேன். மீதி ஒன்பதையும் ஒட்ட, லுவா மொழியில் ஒரு சின்ன வடிகட்டி, அதாவது மரத்தை வழியிலேயே திருத்தும் குட்டி நிரல். பாண்டாக்கில் 2017 முதல், 2.0 பதிப்பிலிருந்து, மரத்தைத் திருத்த லுவாவில் எழுதலாம். வேலை எளிது: தொகுதிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போ, எண் பட்டியலுக்கு அடுத்தே இன்னொரு எண் பட்டியல் வந்தால், இரண்டாவதின் உருப்படிகளை முதலாவதின் வாலில் சேர்.

ஏழு இடம் சரியானது. இரண்டு இடத்தில் புதிய வேடிக்கை. அங்கே நான் காலி வரி போட்டிருந்தது இரண்டு #* களுக்கு நடுவே. விக்கி அதை எப்படிப் படிக்கும் என்றால்: பட்டியல் முடிந்தது, இப்போது புதிய எண் பட்டியல், அதன் முதல் உருப்படியில் எழுத்து ஒன்றும் இல்லை, நேரே உள்பட்டியல். திரையில் 1 என்ற எண் மட்டும் அநாதையாக நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி. அதை என் வடிகட்டி ஒட்டியபோது, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு ஊமை உருப்படி நுழைந்து எல்லா எண்ணையும் ஒன்று தள்ளிவிட்டது. நோயைவிட மருந்து மோசம். ஆகவே இன்னொரு விதி சேர்த்தேன்: இரண்டாவது பட்டியலின் முதல் உருப்படி பத்தியில் தொடங்காமல் நேரே பட்டியலில் தொடங்கினால், அது புது உருப்படி இல்லை, முதல் பட்டியலின் கடைசி உருப்படியுடைய பிள்ளை. அதன் உள்ளே கொண்டுபோய் விடு. விட்டபின் அங்கே இரண்டு புள்ளிப் பட்டியல்கள் அக்கம்பக்கத்தில் நிற்கும், அவற்றையும் ஒட்டு. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துபோய் அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை மார்க்டவுன் பக்கம். இதற்குள் கோப்புகளைப் பகிர்ந்தாகிவிட்டது. இரண்டாம் மாடி அக்கா உற்சாகமாகத் திருத்த ஆரம்பித்துவிட்டார். அவர் திருத்திய பிறகு, ஒரு தாளில் அடங்கிய படிகள் இரண்டு தாளுக்குப் போயின. எழுத்து கூடவில்லை, இடைவெளி கூடியிருந்தது.

மார்க்டவுனில் பட்டியல் இரண்டு வகை: நெருக்கமானது, தளர்வானது. நெருக்கமான பட்டியலில் உருப்படியின் எழுத்து பத்தி ஆகாது. தளர்வானதில் ஒவ்வொன்றும் தனிப் பத்தி, மேலும் கீழும் இடைவெளியோடு. எது எந்த வகை என்று தீர்மானிப்பது காலி வரி. மார்க்டவுனைத் துல்லியமாக வரையறுக்கும் காமன்மார்க் இலக்கணப்படி உருப்படிகளுக்கு நடுவே எங்கேயாவது ஒரே ஒரு காலி வரி இருந்தால் போதும், அந்தப் பட்டியல் முழுதும் தளர்ந்துவிடும். பானைச் சோற்றுக்கு ஒரு துளி விஷம் மாதிரி. ஆனால் உள்பட்டியலுக்கு அது தொற்றாது, அதற்கு அதன் கணக்கு தனி.

அக்கா எழுதியது இது:

- சம்ப்
- மேல்தொட்டி
    - பெரியது
    - சின்னது

- போர்வெல்

இந்தக் காலி வரி யாருடையது? "சின்னது" உருப்படியின் வாலா, "போர்வெல்" உருப்படியின் தலையா? இங்கேதான் ஆளுக்கொரு தீர்ப்பு. ஜான் க்ரூபர் 2004ல் வெளியிட்ட மூல மார்க்டவுன் நிரல், மேல்தொட்டியையும் போர்வெல்லையும் பத்தியாக்கும், சம்ப்பை மட்டும் விட்டுவிடும். ஒரே பட்டியலில் இரண்டு விதம். காமன்மார்க் மூன்றையும் பத்தியாக்கும். பாண்டாக்கின் சொந்த மார்க்டவுனோ மூன்றையும் நெருக்கமாகவே வைக்கும். அதன் வாதம்: "மேல்தொட்டி" என்ற எழுத்துக்கு அடுத்து வருவது உள்பட்டியல், காலி வரி இல்லை. உள்பட்டியலுக்கு அப்புறம் வரும் காலி வரி இந்தக் கணக்கில் சேராது. எனக்கென்னவோ இந்த மூன்றாவதுதான் நியாயமாகப் படுகிறது. இதில் இன்னொன்று: காமன்மார்க் இலக்கணத்தை எழுதியவரும் பாண்டாக்கை எழுதியவரும் ஒரே ஆள்தான், ஜான் மக்ஃபார்லேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். காலி வரி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

அக்காவின் திரையில் முன்னோட்டம் காமன்மார்க் வழி, என் அச்சு பாண்டாக் வழி. அவருக்குத் தளர்வாகத் தெரிந்தது எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது. அவர் வேறு இடங்களில் நேரடியாகப் போட்ட காலி வரிகள் இருவருக்குமே தளர்வு. "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்று அவரும் "எனக்கு அப்படித் தெரியலையே" என்று நானும் மாடிப்படியில் நின்று பேசியது கேட்டவர்களுக்கு ஏதோ சொத்துத் தகராறு போலிருந்திருக்கும்.

முதலில் செய்தது, எல்லாக் கோப்பையும் காமன்மார்க்காகவே படிக்கும்படி பாண்டாக்கிடம் சொன்னது. இருவரும் ஒரே கண்ணாடி போட்டுக்கொண்டோம். அடுத்து, அச்சுக்குப் போகும் முன் பட்டியல்களை நெருக்கமாக்க இன்னொரு வடிகட்டி. மரத்தில் தளர்வான உருப்படியின் எழுத்து பாரா, நெருக்கமானதன் எழுத்து பிளெயின். பாராவைப் பிளெயின் ஆக்கினால் வேர்டில் அது காம்பாக்ட் என்ற பத்தி வடிவத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வடிவத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மாதிரிக் கோப்பில் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். கவனிக்கவேண்டிய ஒன்று: ஒரே உருப்படிக்குள் இரண்டு பத்தி இருந்தால் அதைத் தொடக்கூடாது. தொட்டால் சில வடிவங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும், ஈரக்கை எச்சரிக்கைக்கு நடந்த கதைதான். உருப்படியில் ஒரே ஒரு பாரா இருந்தால் மட்டும் மாற்று என்று எழுதினேன். தாள் ஒன்றாகச் சுருங்கியது.

அதே கோப்பில் பத்தாவது படியில் ஒளிந்திருந்தது இன்னொன்று. இதில் காலி வரிக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் விளைவு அதே. அக்கா ஒன்பதாவது படிக்குக் கீழே மூன்று இடைவெளி விட்டு உள்பட்டியல் போட்டிருந்தார். சரி. பத்தாவதுக்கும் அதே மூன்று. தப்பு. உள்பட்டியல் எங்கே தொடங்கவேண்டும் என்பதை மேலே உள்ள எழுத்து தொடங்கும் இடம் தீர்மானிக்கிறது. ஒற்றை இலக்கம், புள்ளி, இடைவெளி, ஆக மூன்று. இரட்டை இலக்கம் வந்ததும் நான்கு. மூன்று போதாமல் போனதால் அந்தப் புள்ளிப் பட்டியல் வெளியே வந்து விழுந்து, எண் பட்டியலை அறுத்துவிட்டது. அடுத்த வரியில் 11 என்று எழுதியிருந்ததால் புதிய பட்டியல் 11ல் தொடங்கியது. எண்கள் எல்லாம் சரியாகவே தெரிந்தன, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. மரத்தில் பார்த்தால் ஒரு பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று. அன்றிலிருந்து அக்காவிடம், "எல்லாத்துக்கும் நாலு விட்டுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். ஒற்றை இலக்கத்துக்கு நான்கு விட்டாலும் உள்ளேதான் போகும். பைத்தான்-மார்க்டவுன் மாதிரி நான்கே வேண்டும் என்று அடம்பிடிக்கும் கருவிகளும் சமாதானமாகும்.

மூன்றாவது சனிக்கிழமை பேராசை. கையேட்டை ஸ்பிங்க்ஸில் போட்டு அழகான பக்கங்களாக்கலாமே என்று அது வழக்கமாகப் படிக்கும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றினேன். பாண்டாக் எழுதியது சரியாக இருந்தது. உள்பட்டியலுக்கு முன்னால் ஒரு காலி வரி, பின்னால் ஒரு காலி வரி. அந்த வடிவத்தின் சட்டம் அது. கல்லூரியில் படிக்கும் தம்பி மகன் உதவிக்கு வந்தான். "என்ன அத்தை இது, இவ்ளோ கேப்?" என்று கேட்டுவிட்டு, நான் இட்லிக்கு மாவு எடுத்து வைக்கப் போன நேரத்தில் அத்தனை காலி வரியையும் துடைத்துவிட்டான்.

முன்னால் இருக்கும் காலி வரி போனால், மேல் உருப்படியின் எழுத்தோடு நேர்க்கோட்டில் நிற்கும் உள்பட்டியல், பட்டியலாகவே இருக்காது. அதே பத்தியின் அடுத்த வரி என்று படிக்கப்படும். "சம்ப் மோட்டாரை அணைக்கவும் - சிவப்புப் பொத்தான் - எம்சிபி கீழே" என்று ரயில்பெட்டி மாதிரி ஒரே வரி. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதியிருந்தால் வேறு மாதிரி: மேல் வரி ஒரு கலைச்சொல், கீழே உள்ளது அதன் விளக்கம் என்று வரையறைப் பட்டியலாகிவிடும். மேல் வரி மட்டும் தடித்த எழுத்தில் நிற்கும். பார்க்க அழகாக இருப்பதால் யாரோ வேண்டுமென்றே செய்தது போலிருக்கும். அலுவலகத்தில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுக்குமே எச்சரிக்கைச் செய்தி வராது, ஏனென்றால் இரண்டுமே இலக்கணப்படி சரி. பையனைத் திட்டவில்லை. விக்கியில் நான் செய்ததன் தலைகீழ்தான் அவன் செய்தது. ஆனால் ஸ்பிங்க்ஸ் ஆசையை அன்றோடு மூட்டை கட்டினேன். பத்து வீட்டுக்காரர்கள் தொடும் கோப்புக்கு அது தாங்காது.

மற்ற வடிவங்களையும் ஒரு ஆர்வத்தில் எட்டிப் பார்த்தேன். ஆர்க் மோடில் ஒரு காலி வரி ஒன்றும் செய்யாது, இரண்டு சேர்ந்து வந்தால் பட்டியல் முடிந்தது. அஸ்கிடாக்கில் உருப்படியோடு ஒரு பத்தியை இணைக்கத் தனி வரியில் + போடவேண்டும். அந்த + குறிக்கு முன்னால் விடும் ஒவ்வொரு காலி வரிக்கும், பத்தி ஒரு நிலை மேலே ஏறி அங்குள்ள உருப்படியோடு சேரும். காலி வரியை எண்ணிப் படி ஏறுவது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்காது என்று தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை.

இப்போது இருக்கும் ஏற்பாடு இது. கோப்புகள் மார்க்டவுனில். யார் திருத்தினாலும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் நேட்டிவ் மரத்தை எடுத்து ஒப்பிடுகிறேன். எழுத்தை ஒப்பிட்டால் காலி வரி வித்தியாசம் கண்ணில் பட்டும் படாமலும் போகும். மரத்தில் பாரா பிளெயினாக மாறியிருந்தால் இடைவெளி சமாச்சாரம், விட்டுவிடலாம். பட்டியல்களின் எண்ணிக்கை மாறியிருந்தால் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒட்டும் வடிகட்டியை இப்போது நிறுத்திவிட்டேன். விக்கியிலிருந்து வந்த பழைய அறுப்புகளுக்குத்தான் அது, புதிதாக யாராவது வேண்டுமென்றே இரண்டு பட்டியல் எழுதினால் அதையும் ஒட்டிவிடும்.

புதுத் தாளை ஒட்டிவிட்டு, மேலே வீட்டுக்கு வந்து வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அஞ்சாவது என்ன போட்டிருக்கு?"

"தரைத்தள மெயினை அணைக்கவும்."

"பதினொண்ணு?"

"ஜெனரேட்டர் டீசல் பாக்கச் சொல்லுது. ஏன் மேடம், மழை வரப்போகுதா?"

பழைய தாளை அவர் தூக்கிப்போடவில்லை. அதைத் திருப்பி ஒட்டி, பின்பக்கத்தில் பேப்பர் ஒட்டித் தண்ணீர் லாரி வந்த தேதிகளை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கையாலேயே எண் போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டு.